டிஸ்க் போச்சு என்றார்கள்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரிகள் வந்தன. பூட் டிவைஸ் காணவில்லையாம். ஹார்ட் டிஸ்கில் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொன்னது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அதே இரண்டு வரிகள். சார்ஜரைப் பிடுங்கிச் செருகினேன், பத்து நிமிடம் சும்மா விட்டுப் பார்த்தேன், மறுபடி போட்டேன். ஐந்தாவது தடவை அந்த வரிகளைப் படித்துக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. பால் பொங்கி வழிந்து, பாத்திரமே கருகத் தொடங்கியிருந்தது. அதை நான் அணைக்கவில்லை. என் கணவர்தான் எழுந்து போய் அணைத்தார்.

திண்டுக்கல்லில் ஓர் உதவிபெறும் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. வேலை பார்த்துக்கொண்டே ஐந்து வருடமாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஆய்வு ஒன்றும் பெரிய ரகசியமில்லை. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் தண்ணீர் எந்தப் பருவத்தில் எவ்வளவு உப்பேறுகிறது என்பதை மின்கடத்துதிறனை அளந்து பார்ப்பது. கையடக்கமான ஒரு மீட்டர், ஒரு பை நிறைய பிளாஸ்டிக் பாட்டில்கள், என் ஸ்கூட்டர். விடுமுறை நாள் வந்தால் கிளம்பிவிடுவேன். ஒரு வாரம் வத்தலக்குண்டுப் பக்கம், ஒரு வாரம் அய்யலூர்ப் பக்கம். ஒரே கிணற்றுக்கு மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை. போகிற இடத்தில் மக்கள் பேசுவதையும் பதிவு செய்துகொள்வேன். எந்த வருடம் தண்ணீர் கரித்தது, எந்த வருடம் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாமல் போனது, எப்போது மல்லிகைச் செடி கருகியது என்று. அய்யலூருக்குப் பக்கத்தில் ஓர் அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "இம்புட்டையும் எழுதிக்கிட்டுப் போறீங்களே டீச்சர், எழுதிட்டா தண்ணி மாறிருமா?" அந்தக் குரலும் அந்த லேப்டாப்பில்தான் இருந்தது.

முதல் ஒன்றரை வருட அளவுகள் நோட்டில் இருக்கின்றன. அதன்பிறகு எல்லாம் நேராக லேப்டாப்பில். ஆய்வேட்டின் ஆறு அத்தியாயங்களில் இரண்டு மட்டும் பழைய வடிவில் ஒரு பென் டிரைவில் கிடந்தன. இணையத்தில் சேமித்து வைக்கும் வசதி இருந்தது. இடம் நிரம்பிவிட்டது என்று மாதக்கணக்கில் அது எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. நானும் மாதக்கணக்கில் அதைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். முழு வரைவையும் நெறியாளரிடம் கொடுக்க இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் எத்தனை பேர் என்னிடம் "காப்பி எடுத்து வைக்கலையா?" என்று கேட்டார்கள் என்று எண்ணவில்லை. நெறியாளர் கேட்டார். கூட வேலை பார்க்கும் வேதியியல் ஆசிரியை கேட்டார். கீழ் வீட்டுக்காரர்கூடக் கேட்டார். இழவு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, 'முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையா?' என்று கேட்கிற ஆட்கள் உண்டல்லவா, அந்த ரகம். எடுத்து வைத்திருந்தால் நான் ஏன் இப்படி நிற்கிறேன்? நெறியாளர் அதோடு நிற்காமல், "பேக்கப் இல்லாம ரிசர்ச் பண்றவங்கள நான் இப்பத்தான்மா பாக்குறேன்" என்றார். ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட என் அட்டவணையைத் திறந்து பார்க்காத மனிதர். போனை வைத்துவிட்டு அவரைத் திட்டினேன். வைப்பதற்கு முன்னால் திட்டத் தைரியமில்லை.

ஆனால் இதெல்லாம் பிற்பாடு நடந்தது. காலையில் நான் செய்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

லேப்டாப்பைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தபோது, அடியில் இடது பக்க மூலையில் பிளாஸ்டிக் ஓர் அரிசி அளவுக்குப் பெயர்ந்திருந்ததைக் கண்டேன். அதற்கு மேலே மெல்லிய விரிசல். மூலை குத்துகிற மாதிரி எங்கேயோ கீழே விழுந்திருக்கிறது. நான் கீழே போடவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் என் மகள் அதைத் தன் கட்டிலில் வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். யார் போட்டது என்ற கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்த அறைக்குப் போய் விளக்கைப் போட்டேன்.

"எந்திரி. லேப்டாப்ப எப்ப கீழ போட்ட?"

போர்வையை விலக்கிவிட்டு முழித்தாள். "என்னம்மா?"

"கேக்குறதுக்குப் பதில் சொல்லு. எப்ப கீழ போட்ட?"

"நான் போடலம்மா. படம் பாத்துட்டு மூடி மேசைல வச்சேன். அம்புட்டுத்தான்."

பெயர்ந்த மூலையை அவள் முகத்துக்கு நேராகக் காட்டினேன். இது தானாகப் பெயருமா, எந்தக் கோணத்தில் விழுந்தால் இப்படி விரிசல் விடும் என்று வகுப்பில் பாடம் எடுக்கிற குரலில் சொன்னேன். அவள் மறுபடியும் நான் போடவில்லை என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"பொய் வேற சொல்ற. உன்னய நம்பி ஒரு பொருள வைக்க முடியல. அஞ்சு வருசம் நான் வெயில்ல அலைஞ்சது அதுக்குள்ள இருக்கு, தெரியுமா ஒனக்கு?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பேன். "போடலன்னா போடலதான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் ஒரு வேன் பிடித்துக் கொடைக்கானல் போவதாக இருந்தது. ஒரு மாதமாக வீட்டில் அதே பேச்சு. புதிதாக ஒரு ஸ்வெட்டர்கூட வாங்கி, கவரைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தாள். "நாளைக்கு நீ எங்கயும் போகல" என்றேன். சுவரைப் பார்த்தபடியே, "சரி" என்றாள்.

இவ்வளவும் நடக்கும்போது என் கணவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். சாதாரணமாக நான் மகளிடம் குரலை உயர்த்தினால் நடுவில் வந்து, "காலங்காத்தால ஏன் கத்துற?" என்று கேட்பவர். அன்று வரவில்லை. நான் வெளியே வந்ததும், "வா, எனக்குத் தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்கு, காட்டுவோம்" என்று மட்டும் சொன்னார். ஆதரவாக நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதை இப்போது எழுதும்போதுகூட எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

கடை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் இருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என் கணவரைப் பார்த்ததும், "வாங்க சார்" என்று எழுந்தார். லேப்டாப் என் கையில் இருந்தது. என்ன ஆனது என்று விளக்கியது நான். அவர் தலையாட்டியதெல்லாம் என் கணவரைப் பார்த்து.

பொத்தானை அழுத்தினார். திரையில் வந்த இரண்டு வரிகளைப் பார்த்தார். ஏதோ ஒரு விசையைத் தட்டி நீலத் திரை ஒன்றைக் கொண்டுவந்து, செத்த நேரம் பார்த்துவிட்டு மூடினார். மொத்தமே இரண்டு நிமிடம் இருக்கும்.

"சார், டிஸ்க் டிடெக்ட் ஆகல. டிஸ்க் போச்சு சார்."

"திறந்து பாக்கலையே?" என்றேன் நான்.

"தேவையில்ல சார்," என்றார், என் கணவரைப் பார்த்து. "இதுலயே காட்டிருது. புதுசு ஒண்ணு போட்டுரலாம். இப்ப வர்றது எல்லாம் எஸ்எஸ்டி, சும்மா பறக்கும்."

"கேபிள் லூசா இருந்தாலும் இப்படிக் காட்டும்ல?"

அவர் சிரித்தார். "மேடம் டென்ஷனா இருக்காங்க. கேபிள்லாம் அப்படிப் போகாது சார்."

"உள்ள இருக்கறத எடுக்க முடியுமா?"

"அதுக்குச் சென்னைக்கு அனுப்பணும் சார். வரும்னு கேரண்டி சொல்ல முடியாது. பழைய டிஸ்க்க எங்ககிட்டயே விட்டுருங்க, அதுல ஒண்ணுமில்ல."

அதுல ஒண்ணுமில்ல. அந்த வார்த்தையைக் கேட்டதும் லேப்டாப்பை என் பக்கம் இழுத்தேன். என் கணவர் என் பக்கம் திரும்பி, "போட்டுரச் சொல்லவா?" என்று கேட்டார். அவசரப்படுகிறார் என்பது தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை. நான் லேப்டாப்பை மூடிக் கையில் எடுத்துக்கொண்டேன். "வேணாம், குடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

வண்டியில் வரும்போது என் கணவர், "அவரு இருபது வருசமா இந்தத் தொழில்ல இருக்காரு. உனக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியாதா?" என்றார். வாயைத் திறந்தால் நடுரோட்டில் இறங்கிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயிலுக்குப் போனோம். மகள் வரவில்லை. அறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். பூசையில் என்ன பிரசங்கம் நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் மனம் முழுக்க அந்த நீலத் திரையில் இருந்தது. டிஸ்க் டிடெக்ட் ஆகவில்லை என்றால் டிஸ்க் செத்துவிட்டது என்றுதான் அர்த்தமா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது என்ன? பல்பு எரியவில்லை என்றால் பல்பைத் தூக்கிப் போடாதே. முதலில் ஒயரைப் பார், ஒயர் சேருகிற இடத்தைப் பார், கடைசியில் பல்புக்கு வா. இருபது வருட அனுபவசாலி நேராகப் பல்புக்குப் போய்விட்டார். நானும் அவர் வார்த்தையைக் கேட்டு ஒரு நாள் முழுக்க மூலையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்தேன். கடைக்காரர் தட்டிய அதே விசையைத் தட்டி அந்தத் திரைக்குள் போனேன். டிஸ்க் என்ற இடத்துக்கு எதிரே வெறும் கோடு. சரி. அணைத்துவிட்டு லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு திரும்பப் போட்டேன். இது பழைய மாதிரி, உள்ளே தட்டு சுற்றுகிற டிஸ்க். போட்டவுடன் மெலிதாக ஒரு இரைச்சல் வரும், ஐந்து வருடமாகக் கேட்ட இரைச்சல். இப்போது ஒன்றுமே இல்லை. பழுதான டிஸ்க் பெரும்பாலும் டக் டக் என்று அடித்துக்கொள்ளும், இல்லையென்றால் கரகரக்கும் என்று படித்திருக்கிறேன். இது சுற்றவே முயலவில்லை. அப்படியானால் அதற்கு மின்சாரமே போகவில்லை. அந்த டிஸ்குக்கு மின்சாரமும் தகவலும் ஒரே பட்டையான கேபிளில்தான் போகும்.

எழுந்து போய் என் கணவரின் டூல் பெட்டியிலிருந்து சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தேன். அவர் அடுப்படியில் கறிக்குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அது அவர் வேலை. "என்ன பண்ணப் போற?" என்று கேட்டார்.

"திறக்கப் போறேன்."

"வேணாம். இன்னும் கெடுத்து வைக்காத."

"செத்துப்போனத எப்படிக் கெடுக்குறது?"

அடிப்பக்க மூடியில் பத்து ஸ்க்ரூ இருக்க வேண்டும். எட்டுதான் இருந்தது. இரண்டு ஓட்டைகள் காலி. இருந்த ஸ்க்ரூக்களில் சிலவற்றின் தலை தேய்ந்திருந்தது. இதை ஏற்கெனவே யாரோ திறந்திருக்கிறார்கள். நான் ஒருநாளும் திறந்ததில்லை. வாங்கிய நாளிலிருந்து இது எந்தக் கடைக்கும் போனதுமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். செல்லாமல் போன ஏடிஎம் அட்டை ஒன்றை விளிம்பில் சொருகி மூடியைத் தூக்கினேன். முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினேன்.

மூலையில், என் உள்ளங்கை அளவில் டிஸ்க் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய தகரச் சட்டத்தில் ஸ்க்ரூ மாட்டும் காது ஒன்று உடைந்திருந்தது. அந்தப் பக்கம் ஸ்க்ரூவே இல்லை. டிஸ்க் ஆடாமல் இருப்பதற்காகச் சந்தில் ஒரு காகிதத்தைப் பல மடிப்பாக மடித்துத் திணித்து வைத்திருந்தார்கள். காகிதம் நாளடைவில் நசுங்கி இளகிவிட்டது. டிஸ்க் பக்கவாட்டில் நகர்ந்து, கேபிளின் வாய் பாதி கழன்று தொங்கியது. இதுதான் பழுது. மொத்தப் பழுதும் இதுதான்.

காகிதத்தை உருவினேன். பிரித்தேன். அது ஒரு பில். மேலே நேற்று நான் ஏறி இறங்கிய அதே கடையின் பெயர் அச்சாகியிருந்தது. தேதி, பிளஸ் டூ பொதுத் தேர்வு நடந்த மார்ச் மாதத்து நாள் ஒன்று. அன்று நான் வேறொரு ஊர்ப் பள்ளியில் தேர்வறைக் கண்காணிப்பாளராக நின்றிருந்தேன். வாடிக்கையாளர் என்ற இடத்தில் என் கணவரின் பெயர். அதற்குக் கீழே, கோழிக் கிறுக்கலாக: 'கீழே விழுந்தது. டிஸ்க் செக்கிங்.'

நேற்று அந்தக் கவுன்டரின் இரண்டு பக்கமும் நின்ற இரண்டு ஆண்களுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. கீழே விழுந்தது தெரியும், திறந்தது தெரியும். ஒருவருக்குக் காகிதத்தைத் திணித்ததுகூடத் தெரியும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே, நடுவில் நின்ற எனக்கு டென்ஷன் என்றார்கள்.

அடுப்படிக்குப் போனேன். பில்லை வெங்காயத் தட்டில் போட்டேன்.

அவர் அதைப் பார்த்தார். கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைக்கவில்லை.

"எப்படி விழுந்துச்சு?" என்றேன்.

"மில்லுல ஆடிட் இருந்துச்சு. ஷிப்ட் சார்ட் போட்டுக் காட்டணும்னாங்க. எடுத்துட்டுப் போனேன். வர்றப்ப வேகத்தடைல வண்டி தூக்கிப் போட்டுச்சு, பை நழுவிருச்சு." மறுபடி உரிக்கத் தொடங்கினார். "அன்னைக்கே கடைல காட்டிட்டேன். நல்லா ஓடுச்சுல்ல? அஞ்சு மாசமா ஓடுச்சுல்ல?"

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கத்துவ."

"சரி, நான் கத்துவேன். நேத்து அவளப் பாத்துக் கத்துனப்ப நீங்க எங்க இருந்தீங்க? பொய் சொல்றான்னு சொன்னேனே, கேட்டுச்சுல்ல? கொடைக்கானல் போகக் கூடாதுன்னேனே, அப்பவாவது வாயத் திறக்கலாம்ல?"

"அப்ப சொல்லிருந்தா ரெண்டு பேரு மேலயும் கத்திருப்ப."

அந்தப் பதிலில் பாதி உண்மை இருந்ததுதான் என்னை இன்னும் எரித்தது. நான் கத்துகிறவள்தான். அதற்காகப் பதினெட்டு வயதுப் பெண்ணைத் தனக்கு முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு, பின்னால் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாமா? கேட்டேன். இந்த வார்த்தைகளிலேயே கேட்டேன். அக்கம்பக்கத்துக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். அவர், "அதான் என்னன்னு கண்டுபிடிச்சிட்டல்ல, விடு" என்றார். லேப்டாப் இன்னும் திறந்தபடி மேசையில் கிடக்கிறது, ஓடுமா என்றுகூடத் தெரியாது, அதற்குள் விடச் சொல்கிறார்.

திரும்பி வந்து கேபிளை அதன் இடத்தில் வைத்து அழுத்தினேன். டக் என்று உட்கார்ந்தது. உடைந்த சட்டத்துக்குப் பதிலாக இப்போதைக்கு இருக்கட்டும் என்று, பழைய ரப்பர் செருப்பிலிருந்து ஒரு துண்டை அளவாக வெட்டிச் சந்தில் வைத்தேன். பேட்டரியை இணைத்து, மூடியை வைத்து, பொத்தானை அழுத்தினேன். இரைச்சல் வந்தது. பிறகு திரை வெளிச்சமானது. கிணறுகளின் பெயர் போட்ட கோப்புகள் வரிசையாக, நான் விட்ட இடத்திலேயே இருந்தன.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீட்டில் இருந்த பென் டிரைவ் எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒவ்வொன்றிலும் முழுதாகப் பிரதி எடுத்தேன். பச்சைப் பட்டை நகர்ந்து நகர்ந்து முடிகிறவரை நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்தால் மகளின் அறைக்குப் போயாக வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

கதவைத் தட்டினேன். "திறந்துதான் இருக்கு" என்றாள். கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் அவள் தோழிகள் ஏரிக்கு முன்னால் நின்று எடுத்த படங்கள்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியில், "ஸாரி பாப்பா. நான் சொன்னது தப்பு" என்றேன்.

"எது தப்பு?"

"நீ கீழ போட்டன்னு சொன்னது."

"அது பரவால்லம்மா. யாருன்னாலும் அப்படித்தான் நினைப்பாங்க. நான் பொய் சொல்றேன்னு சொன்னல்ல? நான் போடலன்னு ரெண்டு தடவ சொன்னேன். ரெண்டு தடவையும் நீ அந்த மூலையத்தான் பாத்த. என் மூஞ்சியப் பாக்கவே இல்ல."

போனைப் படுக்கையில் கவிழ்த்து வைத்தாள்.

"இப்ப மணி ஒண்ணு. அவளுங்க சாப்புட்டுட்டு பைன் காட்டுக்குப் போயிருப்பாளுங்க. ஸாரின்னா வேன் திரும்பி வருமா?" பிறகு, "அப்பாவக் கூப்டு" என்றாள். "அவரே வந்து சொல்லட்டும்."

அவர் வந்து வாசற்படியில் நின்றார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "தெரியாம நடந்துருச்சு பாப்பா, விடு" என்றார்.

"லேப்டாப்பு விழுந்தது தெரியாம நடந்துச்சு. நேத்து நீங்க சும்மா உக்காந்திருந்தது தெரிஞ்சுதானப்பா? நான் விடல."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அந்த வீட்டில் கத்தாமல் கோபப்படத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். மத்தியானம் குழம்பு ஆறிப்போய் இருந்தது. மூன்று பேரும் மூன்று நேரத்தில் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் தனியாக அந்தக் கடைக்குப் போனேன். கவுன்டரில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தார். சார் வருகிறாரா என்று பார்த்திருப்பார். லேப்டாப்பை அவர் முன் திறந்து வைத்து, ஓடுவதைக் காட்டினேன். பக்கத்தில் பில்லை விரித்து வைத்தேன்.

"டிஸ்க் போச்சுன்னீங்களே, இது என்ன?"

அவர் பில்லைப் பார்த்தார். "சார்தான் மேடம், வீட்டுல சொல்ல வேணாம்னாரு."

"விழுந்தத அவரு சொல்ல வேணாம்னாரு. டிஸ்க் செத்துருச்சுன்னு சொல்லச் சொன்னது யாரு?"

"டிடெக்ட் ஆகலன்னா பெரும்பாலும் டிஸ்க்தான் மேடம்..."

"நீங்க திறக்கவே இல்ல. திறந்தா நீங்க வச்ச பேப்பர் வெளிய வரும். அதான திறக்கல?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கடைக்காரர் குரலைத் தணித்துக்கொண்டார். "இதுக்குள்ள போடுற சட்டம் அன்னைக்கு ஸ்டாக் இல்ல மேடம். தற்காலிகமாத்தான் வச்சோம். பாத்த ஆளும் இப்ப வேலைல இல்ல."

"தற்காலிகம்னா அதச் சொல்லி அனுப்பணும். பழைய டிஸ்க்க இங்கயே விட்டுட்டுப் போகச் சொன்னீங்க. விட்டுட்டுப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஃப்ரீயா மாத்தித் தாரேன் மேடம்."

"என் கண்ணு முன்னாடி மாத்துங்க."

அவர் கீழே குனிந்து ஒரு இழுப்பறையைத் திறந்தார். பழைய லேப்டாப்புகளிலிருந்து கழற்றிய சாமான்கள் குவியலாகக் கிடந்தன. அதற்குள் கையை விட்டு, என் லேப்டாப்புக்குப் பொருந்துகிற தகரச் சட்டம் ஒன்றை எடுத்தார். நான்கு ஸ்க்ரூ போட்டு முறுக்கினார். ஐந்து நிமிட வேலை. அந்தச் சாமான் மார்ச் மாதத்திலும் அந்தக் குவியலில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். யாரும் தேடியிருக்க மாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம். நான் வைத்திருந்த செருப்புத் துண்டை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, "நீங்களேவா திறந்தீங்க? பரவால்லையே மேடம்" என்று சிரித்தார்.

அந்தப் பரவால்லையே இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. லேப்டாப்பை வாங்கிக்கொண்டு, அருகில் நின்ற இருவரிடமும், "எதக் குடுத்தாலும் திறந்து பாக்கச் சொல்லிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அதில் ஒருவர் தன் பையை மெதுவாகக் கவுன்டரிலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். அன்று எனக்குக் கிடைத்த திருப்தி அவ்வளவுதான்.

வரைவை மூன்று வாரத்தில் கொடுத்துவிட்டேன். நெறியாளர் பக்க எண் சரியாக இல்லை என்றார். சரி செய்து கொடுத்தேன்.

மகள் என்னோடு பேசத் தொடங்கப் பத்து நாள் ஆனது. அதுவும் முதலில் சாவி எங்கே, தோசை போதும் என்கிற அளவில்தான். அப்பாவோடு இன்னும் அதிக நாள் ஆனது. ஒரு தடவை அவர், "வா பாப்பா, நாம மூணு பேரும் ஒரு நாள் கொடைக்கானல் போயிட்டு வருவோம்" என்றார். அவள், "நான் ஒங்களோட போகணும்னா கேட்டேன்?" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நடுவில் வந்து ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் சேலையை மடித்துக்கொண்டிருந்தேன், மடித்துக்கொண்டே இருந்தேன்.

செமஸ்டர் லீவில் அவளும் இரண்டு தோழிகளும் தாங்களாகவே ஏற்பாடு செய்துகொண்டார்கள். இங்கிருந்து பஸ்ஸில் வத்தலக்குண்டு, அங்கே இரண்டாவது தோழி ஏறிக்கொள்வாள், பிறகு மலை. எங்களிடம் அனுமதி கேட்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் தகவலாகச் சொன்னாள். காலையில் ஸ்வெட்டரைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது என்னிடம் மட்டும், "போயிட்டு வாரேம்மா" என்றாள்.

அவர் அவளைப் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விடுவதற்காக வண்டியை வெளியே எடுத்து, துடைத்து, தயாராக நின்றிருந்தார். அவள் தெருமுனையில் ஒரு ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போனாள். அவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு செத்த நேரம் அப்படியே நின்றார். எனக்குப் பாவமாக இருக்கவில்லை. உள்ளே போய் காபி போட்டேன், இரண்டு டம்ளரில்.